பூனை கிழித்த பூக்கள்

கேள்வி: இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் வரும் கிறிஸ்துமஸ் மரம் நாயகி நோராவின் குறியீடு என்கிறார்கள் வகுப்பில். பண்டிகை நாளில் நடக்கும் கதை, அதனால் மரம் இருக்கிறது. எல்லாவற்றிலும் குறியீடு தேட வேண்டுமா? – கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: தேட வேண்டாம். இப்சன் 1879இல் எழுதிவைத்ததைப் படித்தால் போதும். 'மரம்தான் நோரா' என்று பரீட்சையில் எழுதுவதையும் 'அது வெறும் மரம்' என்று தள்ளுவதையும் நாடகத்தைத் திறக்காமலே செய்துவிடலாம்.

நோராவின் முதல் வசனம் என்ன? மரத்தை நன்றாக ஒளித்துவை, சாயங்காலம் அலங்கரிக்கும்வரை பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று வேலைக்காரப் பெண்ணிடம் சொல்கிறாள். ஒளிப்பதில்தான் நாடகமே தொடங்குகிறது.

கொஞ்ச நேரத்தில் கணவன் ஹெல்மர் போன வருஷக் கதையை எடுக்கிறான். மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு நடுராத்திரி தாண்டியும் மரத்துக்குப் பூ செய்தாயே, கடைசியில் ஒன்றும் தேறவில்லையே என்கிறான். பூனை புகுந்து எல்லாவற்றையும் கிழித்துப்போட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் அவள். அப்புறம் தோழி லிண்டேயிடம் மனம் திறக்கிறாள். போன குளிர்காலத்தில் அறையைப் பூட்டிக்கொண்டு காசுக்குப் பிரதி எடுத்து எழுதினாளாம், ஓர் ஆணைப் போலவே உணர்ந்தாளாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பூவும் இல்லை, கிழித்த பூனையும் இல்லை. கணவன் உயிரைக் காக்க அவனுக்குத் தெரியாமல் வாங்கிய கடனை அடைக்க அவள் உழைத்த ராத்திரிகள் அவை. அந்த உழைப்பை மூடிய திரைதான் மரத்தின் அலங்காரம். எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

இந்த வருஷமும் அதே வேலை. அந்தக் கடனைக் கொடுத்த கிராக்ஸ்டாட் மிரட்டிவிட்டுப் போன கையோடு, இங்கே மெழுகுவத்தி, இங்கே பூ என்று மரத்தை அலங்கரிக்கிறாள். சிவப்புப் பூக்கள் எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டே, கிராக்ஸ்டாட் முன்பு செய்த குற்றம் அவ்வளவு மோசமா என்று கணவனிடம் கேட்கிறாள். கள்ளக் கையெழுத்து என்று பதில் வருகிறது. கடன் வாங்க அவள் செய்ததும் அதுதானே!

இரண்டாம் அங்கத்தின் மேடைக் குறிப்பில் பியானோ பக்கத்து மூலையில் அதே மரம், அலங்காரம் பறிக்கப்பட்டு, எரிந்து தீர்ந்த மெழுகுவத்திக் கட்டைகளோடு நிற்கிறது. அது ஒளிர்ந்த இரவை இப்சன் நமக்குக் காட்டவே இல்லை. அந்த மொட்டை மரம் நிற்கும் அறைக்குத்தான் நோராவின் மாறுவேட உடைப் பெட்டி வருகிறது. அடுத்த அலங்காரம் அவளுக்கு.

வகுப்பில் மறுபடி மரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்தப் பூனையைப் பற்றிக் கேளுங்கள்.