மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் நிரம்புகிறதா? லாரியைக் கூப்பிடும் முன் ஒரு கம்பை இறக்கிப் பாருங்கள்

கேள்வி: கடலூர் வண்டிப்பாளையம் பக்கம் சொந்த வீடு, ஐந்து பேர் இருக்கிறோம். கட்டிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. செங்கல்லில் கட்டிய செப்டிக் டேங்க், அதன் பின்னால் உறை இறக்கிய சோக் பிட். கார்த்திகை மழை வந்தால் கழிவறையில் தண்ணீர் இறங்குவதில்லை, குளியலறை ஓட்டை வழியாகக் கொப்பளிக்கிறது. லாரி வைத்து எடுத்தோம், ஒரே வாரத்தில் மறுபடி நிரம்பிவிட்டது. மாதம் ஒருமுறை எடுக்க வேண்டும் என்கிறார் லாரிக்காரர். இடித்துவிட்டு ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் வைக்கலாம் என்கிறார் மேஸ்திரி. பவுடர் போட்டால் பத்து வருடம் தொடவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது ஐயா?

பதில்: மூன்று பேர் சொல்வதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் அம்மா. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் டேங்க் கசடால் நிரம்பியதாகத் தெரியவில்லை, அதிலிருந்து வெளியேற வேண்டிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு.

செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், அப்படி இருக்கத்தான் அதைக் கட்டுகிறோம். இந்தப் பக்கம் ஒரு வாளி உள்ளே போனால் அந்தப் பக்கம் ஒரு வாளி வெளியே போகும். கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் சோக் பிட்டுக்குப் போய் மண்ணில் இறங்கும். கெடிலமும் பெண்ணையாறும் கடலும் சூழ்ந்த ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அந்த மண்ணே ஊறிக் கிடக்கிறது. உங்கள் உறைக்குள் அப்போது நிற்பதில் பெரும்பகுதி ஊற்று நீர்தான், அதுவே குழாய் வழியாக டேங்குக்கும் திரும்பி வருகிறது. ஆகவே லாரி உறிஞ்சியதும் பெரும்பாலும் நிலத்தடி நீர். ஒரு லோடு எடுத்தால் வெளியிலிருந்து இன்னொரு லோடு ஊறி வரும், அதற்கும் பணம். 2024இல் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த மாதிரி நேரத்தில் டேங்கை உறிஞ்சுவது வெறும் பண விரயம்.

கசடு எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். மழை ஓய்ந்து, தை கழிந்து மாசியில் பாருங்கள். ஏழெட்டு அடி நீளக் கம்பு ஒன்று, அதன் அடிப்பக்கம் நாலடி உயரத்துக்குப் பழைய வெள்ளை வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள், கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள், பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள், கூட ஓர் ஆள் நிற்கட்டும். கையுறை போட்டுக்கொண்டு கம்பை மெதுவாக அடி தட்டும்வரை இறக்கி, சில நிமிடம் வைத்து, அதே மெதுவோடு தூக்குங்கள். துணியில் கீழே தார் மாதிரி கறுப்பு, அதற்கு மேல் வெறும் ஈரம் என்று கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும். அந்தக் கறுப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் கசடு. நாலரை அடித் தண்ணீரில் ஒன்றரை அடிக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டால் லாரியைக் கூப்பிடுங்கள், வராவிட்டால் தேவையில்லை. பொதுவாக இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். மாதம் ஒருமுறை என்று சொல்கிறவர் தன் வண்டிக்கு வாடிக்கை பிடிக்கிறார்.

லாரி வருகிற அன்று இன்னொன்றையும் பாருங்கள், இதை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் வெளியேறும் பக்கம் நாலு இஞ்சில் ‘T’ எழுத்து வடிவப் பைப் ஒன்று இருக்கும், அதன் ஒரு கால் தண்ணீருக்குள் ஓரடியாவது இறங்கி நிற்க வேண்டும். மிதக்கும் ஏடு சோக் பிட்டுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். லாரியின் ஹோஸைத் தாறுமாறாக இறக்கும்போது அதில் இடித்து உடைந்துவிடும், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் ஏடு முழுக்க சோக் பிட்டில் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும், கோடையில்கூடத் தண்ணீர் இறங்காது. சில நூறு ரூபாய் சாமான், அதை மாற்றிவிட்டுத்தான் மூடியைப் போட வேண்டும்.

பவுடர் விஷயம். கழிவைச் செரிக்கும் கிருமிகள் மனிதக் குடலிலிருந்தே தினமும் டேங்குக்கு வருகின்றன, கடையில் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. மணலையும் மட்காத கசடையும் எந்தப் பவுடரும் கரைக்காது. ஆசிட்டைக் கொட்டிக் கழிவறை கழுவுவதைக் குறையுங்கள், நாப்கின், டயப்பர் போடாதீர்கள், சமையலறை எண்ணெயை ஊற்றாதீர்கள். பவுடருக்கு ஆகும் காசு மிச்சம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நம்பருக்குப் போன் போட்டால் ஒரு புரோக்கர் எடுப்பார். லாரி எடுத்தது போக அடியில் சகதி கெட்டியாக நிற்கிறது, ஆள் இறக்கிச் சுத்தமாக எடுத்துத் தருகிறோம் என்பார். எந்த நிலையிலும் சரி என்று சொல்லாதீர்கள். கெட்டிச் சகதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து மேலிருந்தே உறிஞ்சலாம், கொஞ்சம் அடியில் தங்கினாலும் குற்றமில்லை, அது புதுக் கழிவைச் செரிக்க உதவும். உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் அங்கேயே விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இப்படி இரண்டு மூன்று பேராக இறந்த செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம், இன்னும் நிற்கவில்லை. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். புரோக்கர்தானே கூட்டி வந்தான் என்று வீட்டுக்காரர் கைகழுவ முடியாது, நேராகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைத்த எவருக்கும் சட்டம் பொருந்தும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணம் யாருடைய பிள்ளையையும் திருப்பித் தராது. லாரி வேண்டுமானால் கழிவுநீர் அகற்றுவதற்கான அரசு உதவி எண் 14420க்குப் பேசுங்கள், உரிமம் உள்ள வண்டியா, எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு வண்டி பாருங்கள், ராத்திரியில் ஏதோ ஓடையில் ஊற்றப்பட்டு அது உங்கள் ஊர் தண்ணீருக்கே திரும்பி வரும்.

மேஸ்திரியின் யோசனைக்கு வருகிறேன். டேங்கை மாற்றினாலும் தண்ணீர் போக இடமில்லை என்ற கோளாறு அப்படியே இருக்கும். அதைவிட, உங்கள் மண்ணில் பிளாஸ்டிக் டேங்கைப் புதைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. சுற்றிலும் தண்ணீர் ஏறி நிற்கும்போது உள்ளே காலியாக இருந்தால், காலிக் குடம் கிணற்றில் மிதப்பதுபோல டேங்க் மேலே எழும்பப் பார்க்கும், பைப் எல்லாம் பிய்ந்துவிடும், சில சமயம் மேல்தளத்தையே தூக்கிக்கொண்டு வெளியே தலைகாட்டும். ஆகவே இதை வைத்தே ஆக வேண்டும் என்றால் அடியில் கான்கிரீட் தளம் போட்டு, அதில் கம்பி பதித்து, டேங்கைப் பட்டையால் அதோடு கட்ட வேண்டும். மழைக்காலத்தில் உறிஞ்சவே கூடாது, கோடையில் உறிஞ்சினாலும் அன்றைக்கே பாதிக்கு மேல் நல்ல தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டும். குழி தோண்டும்போதே தண்ணீர் ஊறினால், மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே அவசரமாகப் புதைத்துவிட்டுப் போக விடாதீர்கள், டேங்குக்குள் தண்ணீர் ஏற ஏறத்தான் சுற்றிலும் மண் நிரப்ப வேண்டும். இதையெல்லாம் எழுதிக் கொடுக்க மேஸ்திரி தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். முதலில் மொட்டை மாடி மழைநீர்க் குழாயை டேங்கிலோ சேம்பரிலோ இணைத்திருந்தால் இன்றே துண்டியுங்கள். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைத் தனிக் குழாயில் வாழைக்கோ தென்னைக்கோ திருப்புங்கள், டேங்குக்கு வரும் தண்ணீர் பாதிக்கு மேல் குறையும். சோக் பிட்டை ஆழப்படுத்துகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் ஏறும் இடத்தில் ஆழக் குழி உதவாது, பாதியோ முழுதுமோ தரைக்கு மேலே மண்மேடு எழுப்பி, அதில் ஜல்லி போட்டு, துளையிட்ட பைப் பதித்த நீள வாய்க்கால்தான் சரி. கோடையில் அதை அமையுங்கள்.

சோக் பிட்டுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தரக் குறியீடு. மனைகளை 30க்கு 40 அடி என்று வெட்டி விற்க அனுமதித்துவிட்டு, ஒரு வீட்டு போர்வெல்லும் பக்கத்து வீட்டு உறையும் மதிலுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் வருவதை யாரும் கேட்பதில்லை. வரைபடத்தில் ஒரு இடத்தில் காட்டுகிறார்கள், தரையில் வேறு இடத்தில் தோண்டுகிறார்கள், பார்த்துத் தடுக்க வேண்டியவர்கள் வந்து பார்ப்பதே இல்லை. போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

உங்கள் தெருவில் பாதாள சாக்கடைக் குழாய் போட்டிருந்தால் இணைப்புக்கு எழுதிக் கொடுத்து, ரசீதோடு விடாமல் கேளுங்கள், நிரந்தரத் தீர்வு அதுதான். ஆனால் இணைக்கும் முன் ஒவ்வொரு கழிவறைக் கோப்பைக்கும் குளியலறை ஓட்டைக்கும் கீழே, தண்ணீர் நின்று வாயு மேலே ஏறாமல் தடுக்கும் வளைவு, அதாவது டிராப் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் சாக்கடையிலிருந்து விஷவாயு வீட்டுக் கழிவறைக்குள் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். டிராப் இல்லாத பழைய கோப்பை இருந்தால், அதை மாற்றிய பிறகே பிளம்பரை இணைப்பில் கை வைக்க விடுங்கள்.