கனவுக்குள் நிற்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். வயது 26. ஒரு வருடமாக லூசிட் டிரீம் பழகிவருகிறேன். கனவு ஓடும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் தெரிந்த அரை நிமிடத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. பறக்க முயன்றால் உடனே எல்லாம் கலைந்துவிடும். எதையாவது உற்றுப் பார்த்து நிறுத்திவைக்கப் பார்த்தேன், அதுவும் உதவவில்லை. இரவு பன்னிரண்டுக்குப் படுத்து, தினமும் மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி படுக்கிறேன். ஏழுக்கு எழுந்தாக வேண்டும். இணையத்தில் வாங்கிய கலன்டமைன் மாத்திரையும் எடுத்துப் பார்த்தேன். சில நாள் விழித்த பிறகும் கை கால் அசையாமல், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. அம்மா பயந்துபோய்க் கையில் கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார். விழித்துவிடாமல் கனவிலேயே நிலைத்திருக்க என்ன வழி? நம் சித்தர்கள் சொன்னதும் இதுதானா?

எம்.

அன்புள்ள எம்.,

சித்தர்களை விட்டுவிடுங்கள். பறப்பதற்காக இணையத்தில் மாத்திரை வாங்கியவர்கள் இல்லை அவர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் செய்த சோதனை ஒன்று. கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் ஏறக்குறைய முழுதும் செயலற்றுக் கிடக்கும். கண்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக எட்டு முறை ஆட்ட வேண்டும். வோர்ஸ்லி ஆட்டினார். தூங்குகிறார் என்று கருவிகள் காட்டிக்கொண்டிருக்கும்போதே காகிதத்தில் கண்ணசைவின் கோடுகள் ஏறி இறங்கின. இது தெரியாமலே ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லேபெர்ஜ் அதே வழியைக் கண்டுபிடித்து 1981-இல் கட்டுரையாக வெளியிட்டார். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தூங்குகிறவரிடம் கேள்வியே கேட்டுவிட்டார்கள். எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை? 19 வயதுக்காரர் ஒருவர் தூக்கத்திலிருந்தபடியே கண்ணால் இரண்டு என்று பதில் சொன்னார்.

அந்த 1975 சோதனைக்குத் திரும்புகிறேன். கனவுக்குள்ளிருந்து வெளியே தகவல் வருகிறது. அனுப்பிய வோர்ஸ்லி அங்கே செய்தது என்ன? கண்ணை ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தார். எவ்வளவு சாதாரணமான வேலை பாருங்கள்! அவர் விழித்துவிடாமல் இருந்ததற்கு அந்த வேலையும் ஒரு காரணம் என்பது என் கட்சி. இது ஆய்வு முடிவு அல்ல, நான் சொல்கிறேன். கனவுக்குள் போகிறவன் கையில் ஒரு சின்ன வேலை இருக்க வேண்டும். நீங்கள் ‘ஆஹா, கனவு!’ என்று கூவிக்கொண்டு போகிறீர்கள். அந்தக் கூச்சலில்தான் விழித்துக்கொள்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட வழிமுறையையும் சொல்லிவிடுகிறேன். கனவு மங்கத் தொடங்கினால் கனவில் உள்ள உங்கள் இரண்டு கைகளையும் தேய்க்க வேண்டும். அல்லது நின்ற இடத்தில் தட்டாமாலை சுற்ற வேண்டும். லேபெர்ஜ் இரண்டையும் சோதித்து, சும்மா இருப்பதைவிட இவை நன்றாக உதவுவதாகச் சொன்னார். கனவு உடம்பின் தொடு உணர்ச்சியில் மூளை மும்முரமாகிவிட்டால், கட்டிலில் கிடக்கும் நிஜ உடம்பின் பக்கம் கவனம் போகாது என்பது அதற்கு அவர் தந்த விளக்கம். உற்றுப் பார்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். ஒரே புள்ளியில் கண்ணை நிறுத்தினால் கனவு கரைந்துவிடும் என்று ஜெர்மன் உளவியலாளர் பால் தோலி எப்போதோ எழுதிவைத்துவிட்டார்.

இதெல்லாம் எதுவும் படிக்காமலே தெரிந்துவைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறையில் இருந்த அண்ணன், ஓர் அச்சகத்தில் இரவு ஷிப்ட் புரூப் ரீடர். விடிகாலை நாலு மணிக்கு வந்து படுத்தால் மதியம்தான் எழுந்திருப்பார். எழுந்ததும், “இன்னிக்கும் ஓசியில ஒரு ஷிப்ட் பார்த்துட்டேன்ப்பா” என்பார். கனவிலும் புரூப் பார்த்துக்கொண்டிருப்பாராம். தொழில் புத்தி, ஒரு வரியைப் படித்ததும் சந்தேகத்துக்கு மறுபடி படிப்பார். இரண்டாம் தடவை படிக்கும்போது அது வேறு வரியாக இருக்கும். கம்பாசிட்டர் எவ்வளவு தப்பாகக் கோத்திருந்தாலும், அச்சில் அந்தத் தப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், கனவில்தான் இப்படி ஓடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கனவா நனவா என்று சோதிக்க லேபெர்ஜ் சொல்லித்தந்த வழிகளில் இதுவும் ஒன்று, எழுத்தை இருமுறை படித்துப் பார்ப்பது. அண்ணன் அவரைக் கேள்விப்பட்டதே இல்லை.

கனவு என்று தெரிந்த பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எழுந்து, எழுத்துக் கோக்கும் கம்போசிங் பக்கம் போய், எழுத்துகள் போட்டுவைக்கும் கேஸுக்குள் கைவிட்டு ஈய எழுத்துகளை அளைந்துகொண்டே நிற்பாராம். “சில்லுன்னு விரல்ல படுற வரைக்கும் கலையாதுப்பா.” பறந்து பார்த்ததுண்டா என்றேன். “பறந்து எங்க போறது? மறுபடி இங்கதானே வரணும்” என்றார். அதிர்ந்து பேசாத மனிதர். அறையில் யாராவது அவர் தலைமாட்டில் ரேடியோ வைத்தால் மட்டும் கோபம் வரும். தூக்கத்தை அவ்வளவு மதித்தார்.

உங்களைத் திட்ட வேண்டியது இங்கேதான். தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. முதல் சுற்றில் கனவுத் தூக்கம் சில நிமிடம்தான். போகப்போக நீண்டு, விடியலை ஒட்டிய சுற்றுகளில் அரை மணியும் அதற்கு மேலும் போகும். கனவின் சொத்து முழுதும் கடைசிப் பகுதியில் இருக்கிறது. எழுந்து மறுபடி படுக்கும் உத்தியைச் சொன்னவர்களே நாலரை, ஐந்து, ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு எழச் சொல்கிறார்கள். நீங்கள் மூன்றரை மணி நேரத்தில் எழுகிறீர்கள், ஒரு மணி நேரம் விழித்திருக்கிறீர்கள் (கையில் போனோடுதான், வேறென்ன?), ஏழுக்கு மறுபடி அலாரம். மொத்தம் ஆறு மணி நேரத் தூக்கம், அதுவும் இரண்டு துண்டாக. நீளமான கனவு வர வேண்டிய நேரத்தில் நீங்கள் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம் அரை நிமிடத்தில் கலைகிறது என்று எனக்குக் கடிதம்! அண்ணன் மதியம் வரை தூங்கியவர் என்பதை இன்னொரு முறை படியுங்கள். அலாரத்தை எடுத்துவிட்டு, பதினொன்றுக்குப் படுத்து, ஒரு மாதம் முழுத் தூக்கம் தூங்குங்கள். ஆசை விடாவிட்டால் லீவு நாளில் மட்டும், நாலரைக்கு எழுந்து படுத்துப் பாருங்கள், ஏழுக்கு எழ வேண்டிய அவசியம் இல்லாமல்.

கலன்டமைன் அல்சைமர் நோயாளிகளுக்கு மருத்துவர் பார்த்து எழுதித்தரும் மருந்து. குமட்டலைத் தரும், இதயத் துடிப்பைக் குறைக்கும். லூசிட் கனவுக்கு அது உதவுகிறது என்று 2018-இல் ஆய்வு வந்தது உண்மைதான். ஆய்வில் அளந்து கொடுத்ததும், உங்கள் மேஜை டிராயரில் கிடப்பதும் ஒன்றா? தூக்கிப் போடுங்கள்.

நெஞ்சின் மேல் உட்கார்ந்தவர் யாரும் இல்லை, பயப்படாதீர்கள். ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவுத் தூக்கத்தில் தசைகளைப் பூட்டிவைக்கும் அதே ஏற்பாடு, மூளை விழித்த பிறகும் சிறிது நேரம் விலகாமல் நிற்கிறது, அவ்வளவுதான். தானே போய்விடும். தூக்கம் கெட்டவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மா கட்டிய கயிற்றைக் கழற்ற வேண்டாம், அவர்களாவது நிம்மதியாகத் தூங்கட்டும். மாத்திரை விஷயத்தை அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.