கண்ணாடியில் கல் பட்டால் முதலில் செலோ டேப், அப்புறம்தான் இன்சூரன்ஸ்

கேள்வி: கார் முன்கண்ணாடியில் கல் தெறித்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு அடி விழுந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் "முழுசா மாத்திடலாம் சார், பம்பர் டு பம்பர் பாலிசிதானே, இன்சூரன்ஸ்ல போயிடும்" என்கிறார்கள். மாற்றிவிடலாமா, ரிப்பேர் செய்தால் போதுமா?

ரிப்பேர் போதும். அதுவும் கைக்காசில், இரண்டு நாளைக்குள். எனக்கு இரண்டு முறை கல் பட்டிருக்கிறது. முதல் முறை நீங்கள் இப்போது யோசிப்பதைத்தான் நானும் செய்தேன். அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்குப் பணம் மிச்சமாகும்.

முதல் கல் 2022 ஏப்ரலில். ஜிஎஸ்டி ரோட்டில் மேல்மருவத்தூர் தாண்டித் திண்டிவனம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு ஜல்லி லாரி. லாரிக்காரர் மேல் பழி போடுவதற்கு இல்லை, நான்தான் ஒட்டிக்கொண்டு போனேன். லோடிலிருந்து விழும் கல்லைவிட, பின்பக்க ஜோடி டயர்கள் ரோட்டிலிருந்து கிளப்பி விடும் கல்தான் அதிகம் என்பது அப்புறம் தெரிந்தது. டப் என்று ஒரு சத்தம், மனைவி கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்தது. பார்த்தால் கண்ணாடியின் இடப்பக்கம் கீழே மிளகு அளவுக்கு ஒரு குழி, அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி நாலைந்து கால்கள். உள்பக்கம் விரலால் தடவினால் வழவழவென்றுதான் இருந்தது. சரி, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

உள்பக்கம் வழவழப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு தகடுகள், நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும்தான் உடையும். கதவுக் கண்ணாடி வேறு வகை. அது உடைந்தால் கல்கண்டு மாதிரி மொத்தமாக உதிர்ந்துவிடும், ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது. முன்கண்ணாடியை ரிப்பேர் செய்ய முடிவதே இந்த இரட்டைத் தகட்டால்தான்.

ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். மே மாதம், கத்திரி வெயில். தாம்பரம் ஸ்டேஷன் பார்க்கிங்கில் காலையிலிருந்து வெயிலில் நின்ற வண்டியை மூன்று மணிக்கு எடுத்தேன். ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியவில்லை. ஏசியை முழுசாக வைத்து, சீக்கிரம் குளிரட்டும் என்று கண்ணாடிப் பக்கம் போகும் காற்றையும் திறந்துவிட்டேன். ஊரப்பாக்கம் தாண்டவில்லை, "டிக்" என்று மெல்லிய சத்தம். அந்த நட்சத்திரத்தின் ஒரு காலிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு கிளம்பி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது. கூடுவாஞ்சேரி சிக்னலில் நிற்கும்போது அரைக் கண்ணாடியைக் கடந்துவிட்டது. வெளியே கொதிக்கிற கண்ணாடி, உள்ளே ஜில்லென்ற காற்று. இரண்டுக்கும் நடுவில் ஏற்கெனவே விரிசல் விட்ட ஒரு இடம். வேறென்ன ஆகும்?

சர்வீஸ் சென்டரில் அதே வசனம்: "பம்பர் டு பம்பர்தானே சார்." இந்த இடத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பம்பர் டு பம்பர் என்பது தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் பாலிசி. சாதாரண முழுக்காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். ஆனால் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவே கிடையாது. வண்டிக்குப் பத்து வயதானாலும் பூஜ்யம்தான். அதாவது கண்ணாடிக்காக பம்பர் டு பம்பர் தேவையே இல்லை, சாதாரண முழுக்காப்பீடு போதும். அடுத்தவர்களுக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் ஒரு பைசா வராது.

என்னிடம் இருந்தது சாதாரண முழுக்காப்பீடு. க்ளெய்ம் போடுவது சிரமமாக இல்லை. கம்பெனிக்குப் போன் செய்து நம்பர் வாங்கி, ஆர்சி, லைசென்ஸ், பாலிசி நகல், படிவம் கொடுத்தேன். போலீஸ் புகாரெல்லாம் கேட்கவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள சேதத்துக்கு லைசென்ஸ் பெற்ற சர்வேயர்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் வண்டிக்குக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து நாலு போட்டோ எடுத்தார். "எப்ப சார் பட்டுச்சு?" என்றார். போன மாதம் என்று உண்மையைச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு எழுதிக்கொண்டார். தாமதம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி நியாயமான க்ளெய்மைத் தள்ளக்கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏ 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதனால் பயந்துகொண்டு தேதியை மாற்றிச் சொல்லாதீர்கள். போட்டோ எடுக்கும் முன் கண்ணாடியைக் கழற்றவும் விடாதீர்கள்.

பில் 9,550 ரூபாய். கண்ணாடி 6,300, ஓரத்து ரப்பர் மோல்டிங் 700, லேபர் 1,400, ஒட்டும் சீலன்ட் 1,150. மோல்டிங்கில் பாதியைக் கழித்தார்கள். சீலன்ட் கன்ஸ்யூமபிள், அதாவது ஒருமுறை போட்டால் தீர்ந்துவிடும் பொருள், கணக்கில் போகும் என்று மொத்தமாக வெட்டினார்கள். அப்புறம் 1500 சிசி வரையிலான கார்களுக்குக் கட்டாயமாகக் கழிக்கும் ஆயிரம் ரூபாய், ஒர்க் ஷாப் பாஷையில் ஃபைல் சார்ஜ். அதற்கு மேற்பட்ட இன்ஜின் என்றால் அது இரண்டாயிரம். ஆக என் கையிலிருந்து 2,500, இன்சூரன்ஸ் கொடுத்தது 7,050. ஆகா, லாபம் என்று வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்டில் ரின்யூவல் நோட்டீஸ் வந்தது. நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, என்ற இடத்தில் பூஜ்யம்.

வண்டி 2017-ல் வாங்கியது. ஒருமுறைகூட க்ளெய்ம் இல்லாமல் 20, 25, 35, 45 என்று போனஸ் ஏறி, அந்த ஆகஸ்டில் 50 சதவீதம் ஆகியிருக்க வேண்டியது. இந்த போனஸ் தேர்ட் பார்ட்டிப் பங்குக்கு இல்லை, நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும்தான் கழியும். எனக்கு அந்தப் பங்கு சுமார் 6,000. அந்த வருஷமே 3,000 போச்சு. அதோடு முடியவும் இல்லை. மறுபடி 20-லிருந்து ஏணி ஏற வேண்டும். 50-ஐத் தொடும்வரை ஒவ்வொரு வருஷமும் கிடைத்திருக்க வேண்டியதற்கும் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் 30, 25, 15, 5 சதவீதம். வண்டியின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் குறைகிறது என்பதையும் சேர்த்து ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 6,800 வந்தது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக எட்டாயிரம். ஏழாயிரம் வாங்கிக்கொண்டு எட்டாயிரம் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் அத்தனை படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சர்வீஸ் சென்டர் ஆள் பொய் சொல்லவில்லை. இன்சூரன்ஸில் போகத்தான் செய்தது. பில் அவருக்கு, போனஸ் நமக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் "இன்சூரன்ஸ்ல வருமா?" என்று கேட்பதோடு நிற்காமல், பாலிசித் தாளை எடுத்து ஓன் டேமேஜ் பிரீமியம் எவ்வளவு, போனஸ் எத்தனை சதவீதம் என்று பார்த்து இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள். நோ க்ளெய்ம் போனஸைக் காப்பாற்றும் என்சிபி புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) இருந்தால் ஒரு க்ளெய்மால் போனஸ் போகாது, அப்போது தாராளமாகப் போடலாம். கண்ணாடி ரிப்பேருக்கென்றே போனஸைத் தொடாத ஆட்-ஆன் சில கம்பெனிகளில் உண்டு, அதையும் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் மழை சென்சாரும் உள்ள பெரிய வண்டி என்றால் க்ளெய்ம்தான் சரி. அந்தக் கண்ணாடி விலையும் அதிகம், மாற்றிய பிறகு கேமராவை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்யவும் வேண்டும். க்ளெய்ம் வாங்கிவிட்டு வேறு கம்பெனிக்கு மாறி "க்ளெய்மே இல்லை" என்று டிக் செய்யச் சொல்லும் ஏஜென்டுகளும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பழைய கம்பெனியிடம் கேட்டால் தெரிந்துவிடும், நாளை பெரிய விபத்து நடந்தால் அதை வைத்தே மடக்குவார்கள்.

இரண்டாவது கல் 2024-ல். இந்த முறை உஷாராக இருந்தேன். வண்டியை ஓரம் கட்டி, அடிபட்ட இடத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி, மேலே ஒரு துண்டு செலோ டேப் ஒட்டினேன். தூசியும் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் ரிப்பேர் சரியாக வராது. என் மச்சான் போனிலேயே "ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடுங்க மாமா" என்றான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அது இறுகிவிட்டால் அப்புறம் ரிப்பேருக்கு விடும் பிசின் திரவமான ரெசின் இறங்க வழியே இருக்காது. வீடு வரும்வரை ஏசி காற்றைக் கால் பக்கம் திருப்பி வைத்தேன். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே காற்று அழுத்தும், அதையும் தவிர்த்தேன்.

மறுநாள் குரோம்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கே வந்தார். தோளில் ஒரு லேப்டாப் பை, அதற்குள்தான் மொத்த ஒர்க் ஷாப்பும். முதலில் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடா இருக்குண்ணா, நிழல்ல பத்து நிமிஷம் ஆறட்டும்" என்றார். ஊசி மாதிரி ஒன்றால் குழியிலிருந்த கண்ணாடித் தூளை எடுத்தார். ரப்பர் கப் வைத்த சின்ன ஸ்டாண்டைக் கண்ணாடியில் ஒட்டி, அதன் நடுவில் இருந்த குழாயைக் குழிக்கு நேரே நிறுத்தி, இரண்டு சொட்டு ரெசின் விட்டார். திருகைத் திருகினால் ரெசின் உள்ளே அழுந்துகிறது, பின்னால் இழுத்தால் சிக்கியிருந்த காற்று வெளியே வருகிறது. உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பாகத் தெரிந்த நட்சத்திரக் கால்கள் நுனியை நோக்கி ஒவ்வொன்றாக நிரம்பிக் காணாமல் போயின. ஒரு கால் மட்டும் அடம் பிடித்தது. அதற்கு நேரே உள்பக்கமிருந்து விரல் கணுவால் மெதுவாகத் தட்டினார், அதுவும் நிறைந்தது. அப்புறம் குழியின் வாய்க்குக் கெட்டியான ரெசின் ஒரு சொட்டு, மேலே சதுர பிளாஸ்டிக் தாள், ஊதா நிற யுவி விளக்கு. இறுகியதும் பிளேடால் வழித்து பாலிஷ் போட்டார். முக்கால் மணி நேரம், 900 ரூபாய்.

"சுத்தமா மறையுமா தம்பி?"

"மறையாதுண்ணா. ஆனா விரிசல் ஓடாது. அதுக்குத்தான் நான் கேரண்டி."

நேர்மையான பதில். இன்றைக்கும் அந்த இடத்தில் காய்ந்த மழைத்துளி மாதிரி ஒரு தடம் இருக்கிறது. இரண்டு கத்திரி வெயிலைத் தாண்டிவிட்டது, ஓடவில்லை.

எல்லா அடியையும் இப்படிச் சரிசெய்ய முடியாது. ஓட்டுநர் கண்ணுக்கு நேராக இருந்தால், அந்தத் தடமே ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்தில் கூசும். விரிசல் ஓரத்தைத் தொட்டிருந்தாலோ, உள்தகடும் உடைந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். முன்கண்ணாடி கூரையைத் தாங்குவதில் பங்கெடுக்கிறது. பல வண்டிகளில் பயணிப் பக்கத்து ஏர்பேக் விரியும்போது இதன் மேல்தான் முட்டி நிற்கும். அதனால் அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். மாற்றினால் கண்ணாடி மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிய பசை இறுகக் குறைந்தது சில மணி நேரமாவது வண்டியை நிறுத்திவையுங்கள். இரண்டு நாள் பிரஷர் வாஷ் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, யாரும் சொல்லாதது. பழைய கண்ணாடியை வெட்டி எடுக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் சேர்ந்து போய்விடும். பிய்த்து மறுபடி ஒட்ட முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் உள்பக்கம் ஒட்டியிருக்கும் நம்பர் ஸ்டிக்கரும் புதிதாக வாங்க வேண்டும். ஃபாஸ்டேக் கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேட்டால் நூறு ரூபாய்க்குத் தருவார்கள், பழைய பேலன்ஸ் அப்படியே இருக்கும். ஆனால் கண்ணாடி மாற்றும் தேதி தெரிந்ததுமே கேட்டுவிடுங்கள். 2022-ல் நான் இதை யோசிக்கவே இல்லை. பளபளவென்று புதுக் கண்ணாடியோடு பரனூர் டோலுக்குப் போய் நின்றேன். டேக் இல்லாததால் டபுள் கட்டணம். பின்னால் ஹாரன் சத்தம் தாங்காமல் நான் பர்ஸைத் துழாவிக்கொண்டிருக்க, பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, இதுவும் இன்சூரன்ஸ்ல வருமா?"