குழந்தைக்கு சிபிஆர் (நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுப்பது) கொடுக்கும்போது எங்கள் டீம் பதறிப்போகிறது. எப்படிச் சரிசெய்வது?

கேள்வியைப் பார்த்தால், சமீபத்தில் ஒரு கோட் (இதயம் நின்றவரை மீட்கும் அவசரச் சிகிச்சை) சொதப்பி அது இன்னும் மனசை விட்டுப் போகாத டியூட்டி டாக்டர் நீங்கள் என்று தோன்றுகிறது. தப்பென்றால் மன்னிக்கவும். நான் டாக்டர் இல்லை, குழந்தைகள் அவசரப் பிரிவில் 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். "நர்ஸ் வந்து பாடம் எடுப்பதா?" என்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

ஒரு நைட் டியூட்டி. எட்டு மாதக் குழந்தை, 8 கிலோ, மூச்சுத்திணறலோடு வந்தது. பெட்டில் போட்ட கொஞ்ச நேரத்தில் ஹார்ட் ரேட் சரசரவென்று இறங்கி நின்றேவிட்டது. சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர்கூட வேலை தெரியாதவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனியர் டாக்டர், மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே மானிட்டரைப் பார்த்து, "அட்ரினலின் போடுங்க" என்றார். இதயத்தைத் திரும்பத் துடிக்கவைக்கப் போடும் ஊசி அது. யாரிடம் சொன்னார்? தெரியாது. நான் சிரிஞ்சில் லோட் பண்ணினேன். எதிர்ப்பக்கம் நின்ற சிஸ்டரும் லோட் பண்ணினார். அவர் போட்டுவிட்டார் என்று நான் இருந்தேன், நான் போட்டுவிட்டேன் என்று அவர்.

"முதல் டோஸ் எப்போ போச்சு?" என்று டாக்டர் கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தோம். ட்ரேயில் இரண்டு சிரிஞ்சும் அப்படியே கிடந்தன. என்னுடையதில் 1 மில்லி ஆம்பூலை 9 மில்லி சலைனில் கலந்து எடுத்த 0.8 மில்லி. இன்னொன்றிலும் 0.8 மில்லிதான், ஆனால் பதற்றத்தில் கலக்காமலே எடுத்தது. போயிருந்தால் பத்து மடங்கு டோஸ்.

குழந்தைக்குத் துடிப்பு திரும்பியது. அதை எங்கள் திறமை என்று சொல்லமாட்டேன். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு கெட்டுத்தான் இதயம் நிற்கிறது. அன்றைக்கு ஆம்பு பேக் பிடித்த கை நல்ல கை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நாங்கள் மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. லீடர் எதையும் தொடாமல் கால்மாட்டில் நிற்பார். மருந்து கேட்டால் பெயர் சொல்லித்தான் கேட்பார். பெயர் சொல்லப்பட்டவர் டோஸைத் திருப்பிச் சொல்லிவிட்டு எடுப்பார், போட்டதும் "போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்வார், ஒருவர் நேரத்தோடு எழுதுவார். சீரியஸான குழந்தை உள்ளே வந்தவுடனேயே எடையையும் அட்ரினலின் மில்லி கணக்கையும் போர்டில் எழுதிவிடுகிறோம், இதயம் நிற்கும்வரை காத்திருப்பதில்லை. நேரம் பார்ப்பவர் 2 நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தால் கம்ப்ரெஷன் (நெஞ்சை அழுத்தும்) ஆள் மாறுவார். பல்ஸ் பார்க்க 10 விநாடிக்கு மேல் கையை எடுக்கக்கூடாது. 15 அழுத்தம், 2 மூச்சு என்பதை வாய்விட்டு எண்ணுகிறோம். மூச்சுக்குழாயில் டியூப் போட்டபிறகு இந்தக் கணக்கு மாறும், எனக்கும் தெரியும், கமென்ட்டில் திருத்த வராதீர்கள்.

பயிற்சியைக் கான்ஃபரன்ஸ் ஹாலில் வைக்காதீர்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது பத்தே நிமிடம், அதே பெட்டில் பொம்மையைப் போட்டு, உங்கள் சொந்தக் கிராஷ் கார்ட்டை (அவசர மருந்தும் கருவியும் வைத்த தள்ளுவண்டி) திறந்து செய்யுங்கள். முதல் நாளே எங்களுக்குத் தெரிந்தது: டியூப் போடத் தொண்டைக்குள் வெளிச்சம் காட்டும் லாரிஞ்சோஸ்கோப்பில் பேட்டரி இல்லை, கைக்குழந்தை மாஸ்க் பெரியவர்கள் டிராயரில்.

பயிற்சி என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். நைட் முடித்துவிட்டுக் காலை ஒன்பது மணி கிளாஸில் உட்காரச் சொல்கிறார்கள். கண்ணைத் திறந்துகொண்டு தூங்கப் பழகிவிட்டோம். ஆஃப் கேட்டால் "உங்க நல்லதுக்குத்தானே சிஸ்டர்" என்பார்கள். அன்றைய சம்பவத்துக்கும் மெமோ வந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். மானிட்டரிடம் மருந்து கேட்டவருக்கு ஒன்றும் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கோட் முடிந்ததும் ஐந்து நிமிடம் எல்லோரும் நின்று பேசுங்கள், ஆனால் அந்தப் பேச்சு மெமோவாகத் திரும்பி வரக்கூடாது. ஒருமுறை வந்தால் அப்புறம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

உங்கள் சீனியர் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர் என்றால், காத்திருக்காமல் "நான் போடுறேன் சார், 0.8 மில்லி" என்று அந்தக் குழந்தைக்குப் போர்டில் எழுதிய அளவோடு நீங்களே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். முறைப்பார். எங்கள் சார் மூன்று தடவை முறைத்தார். நாலாவது தடவை என் பெயரைச் சொன்னார், அதுவும் தப்பாக.