குழந்தைகளின் கரப்பான்: களிம்பு எவ்வளவு, எத்தனை நாள்?

கேள்வி: 4 வயதுப் பையன். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். ஸ்டீராய்டு களிம்பு போட்டால் அடங்குகிறது, விட்டால் மறுபடி வருகிறது. பயந்துபோய் மெல்லிசாகத்தான் தடவுகிறேன் டாக்டர்.

பதில்: அந்த மெல்லிசுதான் சிக்கல். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடு வரை ட்யூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கு அது போதும். தடவியபின் தோல் லேசாகப் பளபளக்க வேண்டும்.

அடுத்த தவறு, நிறம் மங்கியதுமே நிறுத்துவது. மாநிற, கருநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அழற்சி கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். அதனால் கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ தடிப்போ தட்டுப்படும் வரை உள்ளே அழற்சி இருக்கிறது. அதே இடத்தில் அடிக்கடி திரும்பி வந்தால், அடங்கிய பிறகும் வாரத்தில் 2 நாள் மட்டும் அங்கே தடவும் முறை உண்டு; உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கைகாலுக்குத் தந்த களிம்பை முகத்துக்கும் இடுப்பு மடிப்புக்கும் போடக் கூடாது. அங்கே தோல் மெல்லியது. 1% ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டே, அதுவும் சில நாட்களுக்கு மட்டும்.

கேள்வி: குளித்தால் தோல் இன்னும் காய்கிறது. குளிப்பதைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளிக்கட்டும். சோப்புக்குப் பதில் நுரைக்காத கிளென்சர். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள், 3 நிமிடத்தில் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். முடி வளரும் திசையில் பூசுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் முடிக்கால்கள் அடைத்துக் கொப்புளம் வரும். உடம்பு முழுக்கக் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராமாவது செலவாக வேண்டும். 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் வருகிறதென்றால் போதவில்லை என்று பொருள். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள், கிருமி சேராது. ஸ்டீராய்டுக்கும் மாய்ஸ்சரைசருக்கும் 20–30 நிமிட இடைவெளி விடுங்கள். இன்னொன்று: இந்தக் களிம்புகள் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: 14 வயது மகளுக்கு இமையிலும் கழுத்திலும் கரப்பான். டாக்ரோலிமஸ் என்ற களிம்பு போட்டால் எரிகிறது என்று நிறுத்திவிட்டாள்.

பதில்: முதல் சில நாள் எரிச்சல் இயல்பு, தோல் ஆற ஆறக் குறையும். ஈரத் தோலில் போட்டால் கூடுதலாக எரியும், எனவே நன்றாகக் காய்ந்த பிறகு போடச் சொல்லுங்கள். இந்த வயதில் வழக்கமாகத் தருவது 0.03%. இது ஸ்டீராய்டு அல்ல. தோலை மெலியவைக்காது என்பதால்தான் இமைக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறோம். பதின்வயதில் இமையில் மட்டும் அடங்காமல் நின்றால் நகப்பூச்சு, வாசனைத் திரவியம், முடிச்சாயம் ஆகியவற்றின் ஒவ்வாமையையும் சந்தேகிக்க வேண்டும். நகத்தில் பூசியது கண்ணைத் தொடும்போது இமையில் ஒட்டும்.

கேள்வி: பால், முட்டையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் ஒவ்வாமைச் சோதனை தேவை. அப்படி இல்லாமல் நிறுத்தினால் வளர்ச்சி குறையும். நிறுத்தியதை மீண்டும் தரும்போது உண்மையான ஒவ்வாமையே வந்துவிடவும் கூடும்.

கேள்வி: ஆறிய இடம் வெளிறிவிட்டது. ஸ்டீராய்டாலா?

பதில்: பெரும்பாலும் அழற்சியே நிறத்தை எடுத்திருக்கும். சில மாதங்களில் திரும்பும்.

கேள்வி: நேற்றிலிருந்து திடீரென அதிகமாகி நீர் வடிகிறது. காய்ச்சலும் இருக்கிறது.

பதில்: தேன் நிறப் பொருக்கு என்றால் பாக்டீரியாத் தொற்றாக இருக்கும். ஒரே அளவில் சிறு கொப்புளங்கள், நடுவில் துளையிட்டது போன்ற புண்கள், அரிப்பைவிட வலி அதிகம் என்றால் ஹெர்பிஸ் வைரஸ். அது வேகமாகப் பரவும். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். டாக்ரோலிமஸ் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் கண் மருத்துவரும் இன்றே பார்க்க வேண்டும்.