பருந்து எண்ண வாரீங்களா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை, வடக்கே திரும்பும் பருந்து, கழுகுகளைத் தன்னார்வலர்கள் மலைமேல் உட்கார்ந்து எண்ணுவதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். ஒரே பறவை திரும்பத் திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்? பறவை பெயர் தெரியாத நான் வரலாமா?

பதில்: தாராளமாக வாருங்கள். பெயர் சொல்ல எங்களிடம் நாலு பேர் இருக்கிறார்கள், நோட்டை ஒழுங்காக எழுதத்தான் ஆள் இல்லை.

நீங்கள் கேட்டது முதல் வருஷமே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோடநாடு காட்சிமுனைக்குக் கொஞ்சம் தள்ளி, மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பத்தரை மணிக்கு ஒரு கருங்கழுகு, மர உச்சிகளைத் தொட்டுவிடுகிற மாதிரி சரிவை ஒட்டி மெதுவாக வந்தது, கையிலிருந்த கவுன்ட்டரை அமுக்கினேன். பதினோரு மணிக்கு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மத்தியானத்துக்குள் ஆறு! ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தபோது, கூட வந்த கல்லூரிப் பெண், "சார், எல்லாத்துக்கும் இடது றெக்கையில அதே இடத்துலதான் ஒரு இறகு இல்ல, பாத்தீங்களா?" என்றாள். பைனாகுலரை வைத்துப் பார்த்தால், ஆமாம், விரல்களை விரித்த மாதிரி இருக்கும் இறகுகளுக்கு நடுவே பல் விழுந்தது போல ஓர் இடைவெளி. ஆறும் ஒன்றேதான். அதுவும் வலசைக்குச் சம்பந்தமே இல்லாத பறவை, அங்கேயே குடியிருப்பது, அடுத்தவர் கூட்டை முட்டையோடும் குஞ்சோடும் தூக்கிப்போக மரம் மரமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நோட்டில் ஆறை அடித்துப் பூஜ்யம் போட்டேன்.

அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு இப்போது தனிப் பக்கம். கோழிக்கடை மேலே சுற்றும் கள்ளப்பருந்து (வால் நடுவே பிளந்திருக்கும்), கருங்கழுகு எல்லாம் அங்கே போய்விடும். வலசைக் கணக்கில் ஏறுவது நாம் மனதில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி வடக்கே போய் மறைகிற பறவை மட்டும். பத்துப் பதினைந்து ஒன்றாகச் சுழன்று ஏறினால் அப்போது எண்ணவே எண்ணாதீர்கள், குழம்பிவிடும். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாக றெக்கையை லேசாக மடக்கிக்கொண்டு ஒரே திசையில் வழுக்கிப் போகும், அந்த வரிசையைத்தான் எண்ண வேண்டும். கல்யாணப் பந்தியில் நடமாடுகிறவர்களை எண்ண முடியுமா? கை கழுவிவிட்டு வாசலைத் தாண்டுகிறவர்களை எண்ணலாம், அந்த மாதிரி.

ஆனால் ஆயிரக்கணக்கில் வரும் என்ற நினைப்பில் வராதீர்கள். ஜார்ஜியாவில் பாத்தூமி என்று ஓர் ஊர், கருங்கடலுக்கும் மலைக்கும் நடுவே பாதை குறுகிவிடுவதால் இலையுதிர் காலத்தில் 10 லட்சத்துக்கும் மேல் கடக்கின்றன. வசந்தத்தில் இஸ்ரேலின் எய்லாத் அப்படி. நம் மலையில் அப்படிப்பட்ட இடுக்கு கிடையாது, அவை பரவலாகத்தான் போகும். ஒரு நாளில் பத்து வந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ என் செலவு.

கேள்வி: விடியற்காலையிலேயே வந்துவிட வேண்டுமா? (குன்னூர் வாசகி)

பதில்: வேண்டாம், நிம்மதியாகத் தூங்குங்கள். பெரிய றெக்கைப் பறவைகள் அடித்து அடித்துப் பறந்தால் தெம்பு தீர்ந்துவிடும், அதனால் வெயில் பட்டுச் சரிவு சூடாகி, றெக்கை அடிக்காமலே தூக்கிவிடும் சூடான காற்று மேலே எழும்பும் வரை மரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். ஒன்பது, ஒன்பதரைக்கு வந்தால் போதும். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உயரத்தில் போவது கண்ணில் படவே படாது. வெள்ளை மேகம் இருந்தால் அதன்மேல் புள்ளி தெரியும்.

கேள்வி: கொடைக்கானலில் பள்ளி ஆசிரியர். செயற்கைக்கோள் கருவியெல்லாம் வந்த பிறகு மலையில் உட்கார்ந்து எண்ணி என்ன ஆகப்போகிறது? என் மாணவர்கள் மூன்று நாள் உட்கார்ந்தார்கள், ஒன்றுகூட வரவில்லை, சோர்ந்துவிட்டார்கள்.

பதில்: கருவி ஒரு பறவையின் வழியைச் சொல்லும். 2013இல் நாகாலாந்தில் மூன்று அமுர் வல்லூறுகளுக்கு மாட்டித்தான் அவை அரபிக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகும் பாதையைப் பார்த்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் எத்தனை போகின்றன, போன வருஷத்தைவிடக் குறைந்ததா என்று மூன்று பறவையை வைத்துச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், ஹாக் மவுன்டன் என்று ஒரு மலை. வலசை போகும் பருந்துகளை விளையாட்டாகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த இடம். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற அம்மா அந்த மலையையே குத்தகைக்கு எடுத்துத் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார், எண்ணும் வேலை ஆரம்பமானது. அங்கே வெண்தலைக் கழுகை எண்ணும்போது குஞ்சு எத்தனை, பெரியது எத்தனை என்று பிரித்து எழுதினார்கள். தலை வெளுக்க நாலைந்து வருஷம் ஆகும் என்பதால் கீழிருந்தே தெரிந்துவிடும். 1935-39இல் நூற்றுக்கு 40 இளசு, 1955-59இல் 20தான். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மருந்தால் முட்டை ஓடு மெலிந்து குஞ்சு பொரிப்பது குறைந்துபோயிருந்தது. ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளர் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி 1962இல் வெளியிட்ட நூலில் இந்த எண்ணிக்கையையும் சாட்சியாக வைத்தார், 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. எழுதி வைத்தவர்களுக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? ஆனால் அவர்கள் எண்ணியது இலையுதிர் காலத்தில், அந்த வருஷக் குஞ்சுகளும் சேர்ந்து வரும் சமயம். நாம் வசந்தத்தில் எண்ணுவது குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்தவற்றை, எனவே எண்ணிக்கை பெரும்பாலும் கம்மியாகத்தான் இருக்கும் என்று பையன்களிடம் சொல்லுங்கள்.

மூன்று நாளுக்கும் பூஜ்யம் என்று எழுதச் சொல்லுங்கள், அதோடு எத்தனை மணி நேரம் பார்த்தார்கள், எப்போது மிஸ்ட் மூடியது என்பதையும். வானம் தெளிவாக இருந்து வராத பூஜ்யமும், மூன்று மணி நேரம் எதிர் மரமே தெரியாமல் உட்கார்ந்திருந்த பூஜ்யமும் ஒன்றல்ல. சும்மா இருக்க மனமில்லாமல் யாராவது "ரெண்டு" என்று போட்டால் மட்டும் காதைத் திருகுங்கள்.

கேள்வி: மாயாற்றில் பார்க்கும் பாறுகளையும் (பிணந்தின்னிக் கழுகுகள்) இதில் சேர்ப்பீர்களா? (மசினகுடி வாசகர்)

பதில்: மாட்டோம். இரை தேடி நெடுந்தூரம் போனாலும் வெண்முதுகுப் பாறு இங்கேயே கூடு கட்டுகிற பறவை, உள்ளூர்ப் பக்கம்தான். அதற்கு வனத்துறை தனியாகக் கணக்கெடுக்கிறது.

கேள்வி: பளிச்சென்ற சட்டை போட்டால் பறவைகள் விலகிவிடுமா?

பதில்: அவ்வளவு உயரத்தில் போகிறதற்கு உங்கள் சட்டை ஒரு பொருட்டில்லை. தொப்பியை மறக்காதீர்கள். குளிராக இருக்கிறதே என்று நம்பித்தான் போன மார்ச்சில் வெறுந்தலையோடு அண்ணாந்து உட்கார்ந்தேன், ஒரு வாரம் மூக்கு தோல் உரிந்துகொண்டே இருந்தது.