புரோ நோட்டு, பால்ஃபர், ஒரு வெள்ளைத் தாள்: வணிகச் சட்டக் கேள்வி பதில்

பி.காம், பி.பி.ஏ., சி.ஏ. ஃபவுண்டேஷன் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள். இருபது வருஷமாக வணிகச் சட்டம் நடத்துகிறேன். அந்தத் தெம்பில் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம்தான்.

மேடம், வாயால் பேசிய ஒப்பந்தம் செல்லுமா? ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாமா?

செல்லும். மெஸ்ஸில் மாசக் கணக்கு வைத்துச் சாப்பிடுகிறாயே, அங்கே என்ன பத்திரமா எழுதினாய்? முனைவு (தருகிறேன் என்பது), ஏற்பு (சரி என்பது), மறுபயன் (பதிலுக்குக் கொடுப்பது) எல்லாம் அந்தச் சாம்பார் சாதத்திலேயே இருக்கிறது. 10ஆம் பிரிவு தாளைக் கேட்கவில்லை. சுதந்திரமான சம்மதம், தகுதியுள்ள தரப்பினர், சட்டப்படியான மறுபயனும் நோக்கமும் கேட்கிறது. நில விற்பனை மாதிரி சிலவற்றுக்குத்தான் வேறு சட்டங்கள் எழுத்தும் பதிவும் கட்டாயம் என்கின்றன. மற்றபடி எழுத்து எதற்கென்றால், நாளைக்கு நிரூபிக்க.

ஸ்டாம்ப் இல்லாத அக்ரிமெண்ட் குப்பையா?

இல்லை. 1899 முத்திரைத் தீர்வைச் சட்டம் 35ஆம் பிரிவுப்படி அதைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். கட்டாமல் விட்ட தீர்வையையும் அபராதத்தையும் கட்டினால் பெரும்பாலும் ஏற்பார்கள். புரோ நோட்டு (கடனைத் திருப்பித் தருவேன் என்று எழுதித் தரும் கடன் சீட்டு) மாதிரி சிலவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டாம்ப் ஒட்டாத புரோ நோட்டு எத்தனை அபராதம் கட்டினாலும் உள்ளே போகாது. ஒட்டினாலும் போதாது, கையெழுத்து ஸ்டாம்பின் மேல் குறுக்கே ஓடுவது மாதிரி ஏதாவது ஒரு வழியில், மறுபடி பயன்படாதபடி அதை ரத்து செய்திருக்க வேண்டும். ஸ்டாம்பை ஓரமாக விட்டுப் பக்கத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்ட நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

இன்னொன்று, எப்போதும் சொல்வதுதான்: வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

17 வயதில் பைக் கடன் வாங்கினேன். கட்ட வேண்டுமா?

இளவர் (18 வயது நிரம்பாதவர்) செய்த உடன்பாடு ஆரம்பத்திலிருந்தே செல்லாது. 1903இல் மோகரி பீபி வழக்கில், அன்றைக்கு நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. 20,000 ரூபாய் அடமானம், கடன் கொடுத்தவரின் வக்கீலுக்கே பையன் இளவர் என்று தெரியும். உன் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை. வீட்டில் பேசு.

பால்ஃபர் வழக்கில் மனைவி ஏன் தோற்றார்? எனக்கு அநியாயமாகப் படுகிறது.

இது இங்கிலாந்து வழக்கு. கணவர் இலங்கையில் நீர்ப்பாசன இயக்குநர். 1916இல் உடல்நிலை காரணமாக மனைவி இங்கிலாந்திலேயே தங்க, மாசம் 30 பவுண்டு அனுப்புகிறேன் என்றார். பிறகு பிரிந்தார்கள். அந்தப் பணத்தைக் கேட்டு மனைவி வழக்குப் போட்டார். 1919இல் மேல்முறையீட்டில் நீதிபதி அட்கின், குடும்பத்துக்குள் பேசிக்கொள்வதைச் சட்டப் பொறுப்பாக ஆக்கும் எண்ணம் இருவருக்கும் இல்லை என்றார். கீழ்க் கோர்ட்டில் மனைவிதான் ஜெயித்திருந்தார் என்பதையும் எழுது.

மேடம், 10ஆம் பிரிவை நாலு தடவை படித்துவிட்டேன். ‘சட்ட உறவு ஏற்படுத்தும் எண்ணம்’ அதில் எங்கே இருக்கிறது?

இல்லை! இதைக் கேட்க ஒரு ஆள் வந்ததே சந்தோஷம். நம் சட்டத்தில் அந்த வார்த்தையே கிடையாது. இங்கிலாந்திலிருந்து பாடப்புத்தகம் கொண்டுவந்த சரக்கு அது. இது நமக்குத் தனித் தேவையா என்று 1988இல் உச்ச நீதிமன்றமே சந்தேகம் எழுப்பியது. ஆனாலும் பரீட்சையில் பால்ஃபர் வரும், எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் கணவன் எழுதிக் கொடுத்தாலும் செல்லாதா? என் அக்கா கேட்கச் சொன்னார்.

1970இல் இங்கிலாந்தின் மெரிட் வழக்கைப் பார். கணவன் வேறு பெண்ணோடு போய்விட்டான். காரில் உட்கார்ந்து பேசி, அடமானக் கடன் அடைந்ததும் வீட்டை உன் பெயருக்கு மாற்றுகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டான். மனைவி கடனை அடைத்தார், ஜெயித்தார். பிரிந்தபின் பேசுகிற பேச்சு, சேர்ந்திருக்கும்போது பேசுகிற பேச்சு அல்ல. அதோடு இங்கே ஜீவனாம்சத்துக்குத் தனிச் சட்டங்களே இருக்கின்றன. அக்காவை ஒரு குடும்ப வழக்கறிஞரிடம் அழைத்துப் போ, என் நோட்ஸை நம்பாதே.

ஆனால் பால்ஃபரை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?

எளிதாக மார்க் போடலாம் என்பதால். போதும், பால்ஃபரை விடுங்கள்.

மறுபயனை வேறொருவர் கொடுத்தால்?

இங்கே செல்லும், 2(d) பிரிவே ‘வேறு எவரும்’ என்கிறது. 1882இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னையா வழக்கு: தாய் மகளுக்குச் சொத்து கொடுத்தார், மகள் தாயின் உடன்பிறந்தவருக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் தருவதாக எழுதினாள். தராதபோது கோர்ட் தரச் சொன்னது. இங்கிலாந்தின் பழைய விதிப்படி இது எடுபடாது.

ஜி.எஸ்.டி. பதிவு எப்படி?

ஆடிட்டரைக் கேள்.

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால்தான் செல்லுமா மேடம்?

மேலே படி.

வாய்மொழி ஒப்பந்தம்?

மேலே படி, தம்பி.

நண்பனின் சீட்டுப் பணத்துக்காக ஸ்டாம்ப் ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது?

இதற்காகத்தான் கத்திக்கொண்டே இருக்கிறேன். 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டம் 20ஆம் பிரிவு, அந்த ஸ்டாம்ப் தாங்கும் தொகை வரை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு அதிகாரம் தருகிறது. இன்றைக்கே போய்த் திரும்பக் கேள். தர மறுத்தால், எந்தத் தொகைக்காக, எந்தத் தேதியில், தொகை எழுதாமல் கொடுத்தாய் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதை அம்மாவிடம் கொடுத்து வை.